ஒரே முகூர்த்தத்தில் கட்டியது

ஜூன் 2, ஞாயிறு

இன்று பூபதியிடம் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னேன். "நாம பிரிஞ்சுக்கலாம்." அவன் க்ளிப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு க்ளிப்பை எடுத்து என்னிடம் நீட்டி, "சரி" என்றான்.

மூன்று வருஷக் கல்யாணம் அவ்வளவுதான்.

அவனுக்கு ஜபல்பூரில் சரிதா என்று ஒருத்தி இருக்கிறாள். வருஷத்தில் பாதிக்கு மேல் அவன் ஓட்டும் போர்வெல் வண்டி அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. மழைக்காலத்துக்கு வண்டியும் ஆட்களும் திருச்செங்கோடு திரும்புவார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவளைத் தெரியும் என்று போன மழைக்கு வந்தபோது அவனே சொன்னான். வீட்டில் சொல்லப் பயமாம். ஆயிரம் அடிக்குப் பூமியைத் துளைக்கிறவனுக்கு அப்பாவிடம் ஒரு வாக்கியம் பேச வாய் வரவில்லை.

அவன் மேல் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. என் கோபமெல்லாம் அந்தக் கல்யாண மேடை மேல்தான். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே வண்டியில் கூட்டாளிகள். கூட்டு உடையக் கூடாது என்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். என்னைப் பூபதிக்கு. பூபதியின் தங்கை இந்துமதியை என் அண்ணன் யுவராஜுக்கு. ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், ஒரே பந்திச் செலவு. லாரிக்கு டயர் மாற்றுவதுபோல இரண்டு பெண்களை இடம் மாற்றிப் போட்டார்கள்.

அதனால் நான் இங்கிருந்து கிளம்பினால் இந்து அங்கிருந்து கிளம்பியாகவேண்டும். எழுதாத சட்டம். ஆனால் எழுதிய சட்டத்தைவிட எங்கள் ஊரில் இதற்குத்தான் மரியாதை.

"இந்துவ நெனச்சுப் பாத்தியா?" என்றான் பூபதி. "உங்கண்ணன் தங்கமாட்டம் வெச்சிருக்கறான். நம்மால அவ வாழ்க்கை போயிரக் கூடாது."

"போகாது. அதுக்கு வழி பண்ணிட்டுத்தான் கெளம்புவேன்."

இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கணவனும் மனைவியுமாக இருந்தோம்.

ஜூன் 5, புதன்

மாமனாரிடம் சொன்னோம். அதாவது நான் சொன்னேன், பூபதி சுவரைப் பார்த்தான். அத்தை சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு அழுதார்.

மாமா கத்தவில்லை. பெயர் அர்த்தநாரி, ஊருக்கே அமைதியான மனுஷன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அம்மிணி, போறது உன்ற இஷ்டம். ஆனா நீ எந்தப் பஸ்ஸுல ஏறிப் போறியோ, அது திரும்பி வாரப்ப அதே பஸ்ஸுல என்ற மக இங்க வந்துருவா."

கொஞ்ச நேரத்தில் என் அப்பாவின் போன். "ரெண்டு வீட்டுக் கதவையும் ஒண்ணா இழுத்துச் சாத்தலாம்னு பாக்கறியா? உங்கண்ணன் என்ன பாவம் பண்ணினான்?"

என்ன பாவம் பண்ணினாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. பி.ஃபார்ம் படித்திருக்கிறேன். சம்பாதிக்கிறேன். ஆனாலும் நான் ஒரு பிணைக்கைதி. என்னைப் பிடித்துவைத்திருப்பதே இன்னொரு பிணைக்கைதிக்காக.

ஜூன் 6, வியாழன்

கடையில் காலாவதியான மருந்துகளைத் தனியாகப் பிரித்தேன். குடும்பத்திலும் சில பேச்சுகளுக்கு இப்படித் தேதி அச்சடித்திருந்தால் தேவலை.

ஜூன் 9, ஞாயிறு

இந்துவிடம் நேரில் பேச அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா நாட்டுக்கோழி அடித்திருந்தார். என்னை வெட்ட முடியாத கோபம் போல.

அண்ணன் வழக்கம்போல இந்துவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. முக்குக் கடைக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பமாட்டான். அவளுக்குப் போன் வந்தால் அவனே எடுத்துப் பேசி, தேவையென்றால் கொடுப்பான். அவள் எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். வேறு. போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அலைச்சல் என்று அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். என்னை வேலையை விடச் சொல்லிப் பூபதி ஒருமுறை வாயைத் திறந்தபோது நான் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். இந்து எறிகிறவள் இல்லை. அடக்கமான சுபாவம். இவர்களுக்கு அது ஒத்துப்போகிறது.

அண்ணன் பைக் கழுவப் போன நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு மறுபடியும் பல்வலி. இடது கன்னம் வீங்கியிருந்தது.

"நான் போனாலும் நீ இங்கிருந்து போகவேண்டியதில்லை. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எங்கப்பா நெசமாவே அப்பிடிச் சொன்னாருங்களா அண்ணி? நீங்க போனா என்னையக் கூட்டிக்குவேன்னு?"

"அதே பஸ்ஸுலன்னார். விடு. சும்மா மெரட்டறாரு."

"அதே பஸ்ஸுலயா?"

இரண்டு தடவை கேட்டாள். பாவம், பயந்துவிட்டாள். பையிலிருந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதமும் கொடுத்தேன். பல் டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்கமாட்டாள்.

ஜூன் 13, வியாழன்

வக்கீலைப் பார்த்தேன். பெரிய வக்கீலாம், அறை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம்.

"மொதல்ல வரதட்சணைக் கேஸ் ஒண்ணு போட்டுருவோம்."

"அவங்க வரதட்சணை கேக்கலீங்க சார்."

"கேட்டதா எழுதிக்கலாம்மா. மாமனார் மாமியார்னு எல்லாரையும் உள்ள இழுத்துட்டா, தானா வழிக்கு வருவாங்க."

என் அத்தைக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அதற்காக, கேட்காததைக் கேட்டார் என்று எழுதி ஸ்டேஷனில் உட்காரவைப்பதா? எழுந்து வந்துவிட்டேன். இவருக்குக் குடும்பத்துத் தீ அணைந்தால் தொழில் போய்விடும்.

கடையில் கூட வேலை பார்க்கும் ஃப்ளாரன்ஸ் அக்கா ஈரோட்டில் ரெஹானா என்று ஒருவரைச் சொன்னார். அவரும் வக்கீல்தான். வாதாடுவதை விட்டுவிட்டு இப்போது சமரசம் மட்டும் செய்கிறார். இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைப்பார். தனியாகச் சொன்னதை அனுமதி இல்லாமல் வெளியே சொல்லமாட்டார். பேசி முடித்ததை எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்தே மனுப்போட்டால் கோர்ட்டில் சண்டை இருக்காது. அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

ரெஹானாவின் இடம், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி. ஒரு வட்ட மேசை, மண்பானைத் தண்ணீர். நான், பூபதி, இரண்டு அப்பாக்கள். ரெஹானாவுக்கு நாற்பது வயதிருக்கும். யாரையும் சமாதானப்படுத்துகிற முகம் இல்லை.

"பொம்பளப் பஞ்சாயத்தா?" என்றார் என் அப்பா நல்லுசாமி, ரெஹானா காதுபடவே.

"பஞ்சாயத்து இல்லீங்க. நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். தீர்ப்பு வேணும்னா கோர்ட்டு அந்தப் பக்கம் இருக்குது. இங்க நீங்கதான் பேசணும்."

மாமா கேட்டார்: "நாங்களே பேசிக்கறதுக்கு உங்களுக்கு எதுக்குங்க பீஸு?"

"ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தரைப் பேசாம உக்காரவெக்கறதுக்கு."

மாமா சிரித்துவிட்டார். அதன்பின் இரண்டு கிழவர்களும் நிறுத்தாமல் பேசினார்கள். வண்டி வாங்கிய கதை, பேங்குக் கடன், ராய்ப்பூரில் ட்ரில் பிட் துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. எங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கடைசியாகப் பேசினார்கள். அதிலிருந்தே எல்லாம் புரிந்தது. பயம் எங்களைப் பற்றி இல்லை, வண்டியைப் பற்றி.

ஜூன் 26, புதன்

ஜெயித்துவிட்டேன்.

கல்யாணம் வேறு, வண்டி வேறு, இதைப் பிரித்துவிட்டால் இவர்களுக்குப் பயம் போய்விடும் என்று போன வாரமே கணக்குப் போட்டுவைத்திருந்தேன். பூபதியும் ஒருவழியாகச் சரிதா பெயரைச் சொன்னான். மாமா அவனைப் பார்த்த பார்வையில் பானைத் தண்ணீர் கொதித்திருக்கும். ஆனால் அதோடு என் பக்கம் இளகிவிட்டார்.

நானே தாளை இழுத்து நான்கு வரி எழுதினேன். ஒன்று, தாரணியும் பூபதியும் மனம் ஒத்துப் பிரிகிறார்கள். இரண்டு, அவரவர் நகையும் பொருளும் அவரவருக்கு. மூன்று, வண்டிக் கூட்டு இப்போதுபோலவே தொடரும். நான்கு, இந்துமதி - யுவராஜ் திருமணம் இதனால் பாதிக்கப்படாது. இந்துமதி கணவர் வீட்டிலேயே தொடர்ந்து வாழ்வார். இதற்கு இரு குடும்பமும் உறுதி.

நான்காவது வரியைப் படித்ததும் இரண்டு அப்பாக்களும் எழுந்து கைகொடுத்துக்கொண்டார்கள். என் அப்பாவுக்குக் கண் கலங்கியது. "என்ற புள்ளைக்குப் புத்தி இருக்குது" என்றார். மூன்று வருஷத்தில் முதல் பாராட்டு.

ரெஹானா மட்டும் தாளையே பார்த்தார். "இந்த நாலாவது உறுதிய யாரு தர்றாங்க?"

"நாங்க எல்லாரும்."

"இந்துமதி எங்க?"

"வீட்டுல. அவளுக்கு இதுல என்னங்க?" நான்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "அவங்க எங்க இருப்பாங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. அவங்க வந்து படிக்காம இந்தத் தாள் நகராது."

எவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்து வந்திருக்கிறேன்! கடைசியில் கட்டையைப் போடுகிறார். வாதாடுவதை விட்டாலும் வக்கீல் புத்தி போவதில்லை.

ஜூன் 27, வியாழன்

ஹாஸ்டலில் இடம் விசாரித்தேன். ஜன்னல் பக்கக் கட்டில் காலி. என் கட்டில்.

ஜூலை 1, திங்கள்

அண்ணன் மசியவில்லை. "அவ எதுக்கு? நான் வந்து போடறேன் கையெழுத்து."

"அந்தம்மா ஒத்துக்கமாட்டேங்குது. ஒரு வாசிப்பு, ஒரு கையெழுத்து. அரை மணி வேலைண்ணா."

"அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது."

கணக்கு டீச்சருக்கு நாலு பேர் முன்னால் பேச வராதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை; இப்போது அவனைச் சூடேற்றக் கூடாது. வியாழக்கிழமைக்கு ஒத்துக்கொண்டான்.

இந்து மாத்திரை கேட்டனுப்பியிருந்தாள். இந்த முறை வலது பக்கமாம். கொடுத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

அண்ணன் இந்துவோடு அறைக்குள் வந்தான். ரெஹானா, "நீங்க வெளிய இருங்க. நான் எல்லாருகிட்டயும் ஒருதடவை தனியாப் பேசுவேன், உங்களுக்கும் முறை வரும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான், "சும்மா முறைதாண்ணா" என்றேன்.

ரெஹானா கதவைச் சாத்தினார். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தோம். அரை மணி என்று சொன்னது டீ வந்து ஆறியும் முடியவில்லை. அண்ணன் மூன்று முறை எழுந்து கதவைத் தட்டினான். மூன்றாம் முறை, "இந்து, போதும் வா" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் பென்சில் பெட்டியைப் பிடுங்கும்போது வரும் குரல்.

பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். இந்துவின் முன்னால் என் தாள் இருந்தது.

"நாலாவது வரிய எடுத்துருங்க" என்றாள் இந்து.

மாமா அதட்டினார். "ஏஞ்சாமி, உனக்காவத்தான அத எழுதியிருக்குது?"

"எனக்காவ எழுதுனவங்க என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்கப்பா." மேசையைப் பார்த்தே பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. "எனக்குப் பல்வலி இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. ரெண்டு தடவை உங்ககிட்டச் சொன்னேன். அனுசரிச்சுப் போன்னீங்க. நானாக் கேட்டா என்னையக் கூட்டிக்கமாட்டீங்கன்னு தெரியும். அண்ணி போறேன்னு கேட்டாங்கன்னா, அந்த வீம்புக்காவது என்னையக் கூட்டிக்குவீங்க. அதே பஸ்ஸுல வந்துருவான்னு நீங்க சொன்னதா அண்ணி வந்து சொன்னாங்க. அன்னைலிருந்து அந்தப் பஸ்ஸுக்குத்தான் காத்துட்டு இருக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அதையும் நீங்க எழுதி அடைச்சுட்டீங்க அண்ணி."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "பொய் சொல்றா! ஏய் தாரணி, நீதான் மாத்திரை குடுத்த, சொல்லு, பல்வலின்னுதான குடுத்த?"

மாத்திரையைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. பார்மஸி படித்தவள் நான்.

மாமா தாளை விரலால் தட்டினார். "நாலாவது இல்லீன்னா மத்த மூணும் இல்ல. கையெழுத்தும் கெடையாது. அம்மிணி, யோசிச்சுக்க. உன்ற விடுதலை இந்தத் தாளுலதான் இருக்குது." என் அப்பாவும் தலையாட்டினார். இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பூபதி தங்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் சுவரைப் பார்த்தான்.

ரெஹானா எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. "தாரணி?" என்று மட்டும் கேட்டார்.

பேனாவை வாங்கி நான்காவது வரியை அடித்தேன். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது. "கிழிஞ்சா கிழியட்டும்" என்றேன்.

அப்பாக்கள் எழுந்து போனார்கள். அண்ணன் இந்துவின் தோளைப் பிடித்து, "எந்திரி" என்றான். அவள் எழவில்லை. ரெஹானா கதவை அகலத் திறந்துவைத்துக் கீழே சைக்கிள் கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். என் அண்ணனை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

"உன்னைத் தங்கச்சின்னே சொல்லமாட்டேன்" என்றான்.

"சரி" என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

ஜன்னல் பக்கக் கட்டிலில் இந்து தூங்குகிறாள். நான் தரையில். நல்ல காற்று வருகிறது.

ஜூலை 8, திங்கள்

அம்மா போனில் சாபமிட்டார். "கூடப் பொறந்தவன் குடியக் கெடுத்துட்டயே. ஒரு அடி ரெண்டு அடி எந்த வீட்டுல இல்ல? உங்கப்பா அடிக்காத அடியா?"

"அதையும் ஒரு நாளைக்கு வந்து ரெஹானா மேடத்துகிட்டச் சொல்லும்மா" என்றேன். அம்மா வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "அந்தப் புள்ள சாப்புட்டாளா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி வைத்துவிட்டார்.

ஜூலை 10, புதன்

ரெஹானா என்னையும் இந்துவையும் கூப்பிட்டுப் பேசினார். ஒன்றை எளிதாகச் சொன்னார்: "நீயும் பூபதியும் பிரியறதுக்கு உங்க ரெண்டு பேர் சம்மதம் போதும். அப்பாக்கள் சம்மதம் இருந்தா நல்லதுன்னு உக்காரவெச்சோம். இல்லீன்னா தாள் செல்லாதுன்னு நான் எப்பவும் சொல்லலியே."

உண்மைதான். அவர்களுடைய கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதியவள் நான். மேடையைத் திட்டிக்கொண்டே மேடையில் நின்றிருக்கிறேன்.

ஆனால் பூபதி வரவேண்டுமே. போன் எடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

பூபதி வந்தான்! மருந்துக்கடை வாசலில் நின்றான். இருமல் மருந்து வாங்க வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கடைசியாக ஒரு பையை நீட்டினான். உள்ளே இந்துவின் சான்றிதழ்கள்.

"யுவராஜ் பீரோவுல பூட்டி வெச்சிருந்தான். போய் வாங்கிட்டு வந்தேன்."

"குடுத்தானா?"

உதட்டில் காயம் இருந்தது. "குடுத்தான்" என்றான்.

அவன் அப்பாவிடம் பேசிவிட்டானாம். என்ன பேசினாய் என்றேன். "வண்டி வேணும்னா நீங்களே ஓட்டிக்கங்க, தங்கச்சி எனக்கு வேணும்னேன்." சொல்லிவிட்டு அவனே ஆச்சரியப்பட்டான். மாமா மூன்று நாளாகப் பேசவில்லையாம். வெற்றிலை மட்டும் காலியாகிறதாம்.

சாயங்காலம் ஈரோடு போய்ப் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டோம். இரண்டே வரி. இரண்டே கையெழுத்து. இனி சேர்ந்து மனுப்போட வேண்டியதுதான். கீழே இறங்கியதும், "உங்கப்பாவைப் பாக்க வாரதுக்கு முன்னாடி சரிதாவை ரெண்டு தடவை யோசிக்கச் சொல்லு" என்றேன். முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

ஜூலை 24, புதன்

அண்ணனுக்கு ரெஹானா கடிதம் அனுப்பியிருக்கிறார். வந்து பேசினால் பேசலாம். அடித்தது உண்மை என்பதை ஒத்துக்கொண்டால்தான் பேச்சு தொடங்கும். வரவில்லையென்றால் இந்து புகார் கொடுப்பாள். அந்தத் தாள் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட முடியாது என்பதையும் அந்த அம்மாவே சொன்னார். அதனால்தான் இப்போது அவரை நம்புகிறேன்.

ஜூலை 31, புதன்

அண்ணன் வந்தான். சட்டையை இன் செய்து, யாரோ ஒரு வக்கீல் நண்பனோடு. என்னைத் தாண்டி மாடி ஏறினான்.

நான் இரண்டு நாளாகத் தயார் செய்திருந்தேன். எதை முதலில் சொல்வது, அவன் எங்கே நழுவுவான், அப்போது என்ன கேட்பது, எல்லாம். மாடிப்படியில் காலை வைத்தேன்.

இந்து திரும்பினாள். "நீங்க கீழயே இருங்க அண்ணி."

"தனியாவா? அவன் வக்கீலோட வந்திருக்கறான். நான் பேசறேன், நீ பக்கத்துல உக்காந்தாப் போதும்."

"ரெஹானா மேடம் இருக்கறாங்க. நான் பேசிக்கறேன்."

"மறந்துட்டீன்னா?"

"எதை மறப்பேன்?" என்றாள்.

சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு டயருக்குப் பஞ்சர் ஒட்டினார், இன்னொன்றுக்கு ஒட்டினார். மேலே ஒருமுறை அண்ணனின் குரல் உயர்ந்தது. எழுந்து நின்றேன். அப்புறம் இந்துவின் குரல் கேட்டது. உயரவில்லை, நீளமாக, நிறுத்தாமல் வந்தது, வகுப்பில் கணக்குப் போட்டுக்காட்டுகிற மாதிரி. உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் முதலில் இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. இன் செய்த சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. பைக் இரண்டாவது உதையில்தான் கிளம்பியது.

இந்து மெல்ல இறங்கி வந்தாள். என்ன ஆச்சு, ஒத்துக்கொண்டானா, கையெழுத்துப் போட்டானா, அழுதாயா? ஒன்றையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இன்றுதான் தெரிந்தது.

"பசிக்குதுங்க அண்ணி" என்றாள்.

பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போனோம். சர்வர் வந்து என்ன வேண்டும் என்றார். ரெண்டு சாப்பாடு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து விழுங்கினேன்.

இந்து சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியல் பலகையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சர்வர் காலை மாற்றி நின்றார். பக்கத்து மேசைக்குப் போய்த் திரும்பி வந்தார். அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.